மூச்சு இருக்கிற வரைக்கும்தான் கூலி!

சோமனூர் பக்கம் போயிருக்கிறீர்களா? கோயம்புத்தூரிலிருந்து ரயிலேறி திருப்பூர் போகிற வழியில் வருகிற ஊர். ஸ்டேஷனில் இறங்கி நாலு தெரு நடந்தால் போதும். சடக் சடக் சடக் என்று ஒரு சத்தம் உங்களோடு கூடவே வரும். விசைத்தறி. பகல், ராத்திரி, தூக்கம், கனவு எல்லாவற்றிலும் அந்தச் சத்தம்தான்.

அந்தச் சத்தம் நிற்கிற நாட்கள் கொஞ்சம்தான். ஒன்று, கூலி உயர்வு கேட்டு ஸ்டிரைக் நடக்கும்போது. 2022 ஜனவரியில் நின்றது. 2025 மார்ச்சில் மறுபடி நின்றது. இன்னொன்று, மாரியம்மன் நோம்பி, பொங்கல் மாதிரியான நாட்கள். அப்போது தறிக்குடோன் பூட்டியிருக்கும். ஊர்ப் பொதுவிடத்தில் ஃபோகஸ் லைட் கட்டி, சுண்ணாம்பில் கோடு போட்டு, மைக்கில் ஒருத்தர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார். சடுகுடு!

அப்படி ஒரு ராத்திரியில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு அண்ணன். ஐம்பத்தைந்து வயசு இருக்கும். தறி ஓட்டுகிறவர். வலது கால் லேசாகத் தாங்கித் தாங்கி நடந்தார்.

“நீங்க ஆடியிருக்கீங்களாண்ணா?”

“ஆடாம என்னுங் தம்பி? எட்டு வருசம் பாடிப் போயிருக்கறேன். ஒன்பதாவது வருசம் முட்டி போயிருச்சு. அப்பறம் தறிதான்.”

“கஷ்டமா இல்லியா?”

சிரித்தார். “அதுவும் இதுவும் ஒண்ணுதானுங். தறி ஓடற வரைக்கும் கூலி. இங்கே மூச்சு இருக்கற வரைக்கும் கூலி.”

இந்த வாரம் எழுதப்போகிற சரித்திரத்தை அந்த அண்ணன் ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டார். இருந்தாலும் பத்திரிகைக்காரன் சும்மா விட முடியுமா? கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் அமெரிக்காவுக்கு ஒரு நடை போய்விட்டு வருவோம்.

அங்கே ஃபுட்பால் என்றால் நம்ம ஊர் கால்பந்து இல்லை. முட்டை மாதிரி பந்து, தலையில் இரும்புக் கூண்டு வைத்த ஹெல்மெட், தோளில் திண்டு. அந்த ஆட்டத்தில் ‘ரன்னிங் பேக்’ என்று ஒரு ஆள் உண்டு. அவர் வேலை ரொம்ப சிம்பிள். பந்தை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். எதிரே பதினொரு மாமிச மலைகள் நிற்கும். அதற்குள் புகுந்து ஓட வேண்டும். எவ்வளவு தூரம் ஓடினாரோ அதுதான் கணக்கு. அந்தக் கணக்கை எதில் சொல்கிறார்கள் தெரியுமா? கஜத்தில்! நம்ம ஊர் துணி அளந்த அதே கஜம்.

அந்த வேலையில் பெரிய பெயர் ஜிம் பிரவுன். கிளீவ்லாண்ட் அணிக்காக 1957-லிருந்து 1965 வரை ஒன்பது சீசன். 118 ஆட்டம். ஒன்றில்கூட லீவு போடவில்லை. மொத்தம் 12,312 கஜம் ஓடினார். 1966-ல் அவர் சினிமா ஷூட்டிங்குக்காக லண்டனில் இருந்தபோது, பயிற்சிக்கு வராத ஒவ்வொரு நாளைக்கும் அபராதம் என்றார் அணி முதலாளி. “அப்படியா சங்கதி? நான் வரவே இல்லை” என்று ஆட்டத்தையே விட்டுவிட்டார் பிரவுன். வயசு அப்போது 30. ஆட்டத்தின் உச்சியில் இருந்த ஆள், முதலாளி அனுப்புவதற்கு முன்னால் தானே கிளம்பினார்.

எல்லோருக்கும் அந்த வாய்ப்பு கிடைக்குமா? கிடைக்காது. அந்த ஆட்டத்தில் அதிக அடி வாங்குகிற ஆள் ரன்னிங் பேக்தான். அவருடைய சராசரி ஆயுள் மூன்று வருஷம்கூட இல்லை என்பது அங்கே திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிற கணக்கு. முழங்கால் போனால், அடுத்த வருஷம் கல்லூரியிலிருந்து ஒரு புதுப் பையன் பாதிக் கூலிக்கு வந்துவிடுவான். 2023 ஜூலையில் அந்த லீகின் பெரிய பெரிய ரன்னிங் பேக்குகள் எல்லாம் வீடியோவில் கூடிப் பேசினார்கள். எதைப் பற்றி? “நம்ம கூலி மட்டும் ஏன் ஏறவே மாட்டேங்குது?” சோமனூர்க்காரர்களுக்கு இந்தக் கூட்டத்தை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை!

சரி, ஊருக்குத் திரும்புவோம். நம்மிடம் அந்த முட்டைப் பந்து இல்லை. ஆனால் அந்த ஆள் இருக்கிறார். கோட்டைத் தாண்டி, தன்னந்தனியாக, ஏழு பேருக்கு நடுவே ஒரே மூச்சில் போய்த் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டிய ஆள். ஏழு பேரும் அவருடைய கணுக்காலையும் இடுப்பையும்தான் குறி வைத்து நிற்பார்கள். பாடிப் போகிறவர். இன்றைய பாஷையில் ரைடர். தறியில் நாடா போய்ப் போய் வருகிற மாதிரி இவரும் போய்ப் போய் வர வேண்டும்.

இந்த ரைடரின் பிழைப்பு எப்படி மாறி வந்தது?

ஆரம்பத்தில் இது பிழைப்பே இல்லை. விளையாட்டு. 1936-ல் ஹிட்லர் நடத்திய பெர்லின் ஒலிம்பிக்ஸ் சமயத்தில், மகாராஷ்டிராவின் அமராவதியிலிருந்து ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் என்ற உடற்பயிற்சிக் கழகம் போய் அங்கே கபடி ஆடிக் காட்டியது. வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள். அதோடு சரி. 1950-ல் அகில இந்தியக் கபடி சம்மேளனம் வந்தது. விதிகள் ஒழுங்காயின. 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் கண்காட்சி ஆட்டம். 1990-ல் பெய்ஜிங்கில்தான் முதல்முறையாகப் பதக்கத்துக்கான ஆட்டமானது. தங்கம் நமக்கு.

அடுத்தது 1994, ஹிரோஷிமா. மறுபடி தங்கம். அந்த அணியில் தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி என்ற கிராமத்திலிருந்து போன ஒருவர் இருந்தார். மணத்தி கணேசன். சின்ன ஊர், மண் தரை, சாதிச் சண்டை எரிந்துகொண்டிருந்த வட்டாரம். அங்கிருந்து புறப்பட்டு ஜப்பான் வரை போய்த் தங்கத்தோடு வந்தார். அர்ஜுனா விருதும் கிடைத்தது. 2025 அக்டோபரில் வந்த மாரி செல்வராஜின் ‘பைசன் காளமாடன்’ படத்துக்கு அவருடைய வாழ்க்கைதான் விதை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அந்தத் தலைமுறை ஆட்டக்காரர்களுக்கு ஏலம் கிடையாது. கோடி கிடையாது. ஊர் டோர்னமென்ட் ஜெயித்தால் சுழற்கோப்பை, கொஞ்சம் ரொக்கம், சில ஊரில் ஒரு ஆட்டுக்கிடா! உண்மையான பரிசு வேறு. அதன் பெயர், வேலை. ரயில்வே, போலீஸ், மின்வாரியம், வங்கி. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் உள்ளே நுழைந்துவிட்டால் மாசச் சம்பளம். முட்டி போனாலும் சம்பளம் போகாது. அதனால்தான் அந்தக் காலத்து அப்பாக்கள், “சடுகுடு சோறு போடுமாடா?” என்று திட்டிவிட்டு, பையன் ரயில்வே டீமுக்குத் தேர்வானதும் அதே பையனைப் பற்றி டீக்கடையில் பெருமை பேசினார்கள்.

2014-ல் எல்லாம் தலைகீழானது.

அந்த வருஷம் ஜூலை 26. மும்பையில் புரோ கபடி லீக் ஆரம்பம். எட்டு அணிகள். மண் தரை போய் மேட் வந்தது. முழங்கால் புழுதி போய் கலர் லைட் வந்தது. பாடிப் போகிற ஒவ்வொரு முறைக்கும் முப்பது செகண்ட்தான். இரண்டு முறை புள்ளி எடுக்காமல் திரும்பினால், மூன்றாவது முறை எடுத்தே ஆக வேண்டும். இல்லையா, வெளியே போ! டி.வி. பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவி வரக்கூடாது அல்லவா?

முதல் ஏலத்தில் அதிக விலை போனவர் ராகேஷ் குமார். பாட்னா அணி எடுத்தது. எவ்வளவு? 12 லட்சத்து 80 ஆயிரம். “கபடிக்காரனுக்குப் பன்னிரண்டு லட்சமா!” என்று நாடே வாயைப் பிளந்தது.

இப்போதுதான் நம்ம கதாநாயகன் வருகிறார்.

பர்தீப் நர்வால். ஹரியானா, சோனிபட் மாவட்டம், ரிந்தானா கிராமம். 1997-ல் பிறந்தவர். 2015-ல், பதினெட்டு வயசில், பெங்களூரு அணியில் சேர்ந்தார். அந்த சீசனில் எடுத்த ரைடு புள்ளி எத்தனை? ஒன்பது! அதே இடத்தில் பலருடைய கதை முடிந்திருக்கும். அடுத்த சீசனில் பாட்னாவுக்குப் போனார். 116 புள்ளி. அணிக்குக் கோப்பை. அதற்கடுத்த சீசனில் 131. மறுபடி கோப்பை.

அப்படி என்ன வித்தை வைத்திருந்தார்? ‘துப்கி’. இந்தியில் முங்குவது என்று அர்த்தம். எதிரணிக்காரர்கள் கைகோத்துச் சங்கிலியாக மடக்குவார்கள் இல்லையா? மற்ற ரைடர்கள் சங்கிலிக்கு மேலே தாவப் பார்ப்பார்கள். இல்லை, இடித்து உடைக்கப் பார்ப்பார்கள். நர்வால் கிணற்றில் முங்குகிற மாதிரி உடம்பைச் சட்டென்று மடக்கி, அந்தக் கைகளுக்குக் கீழே புகுந்து நடுக்கோட்டில் எழுந்திருப்பார். பிடித்தவர்கள் எல்லோரும் தொட்டவர்கள் கணக்கில் அவுட்! ஒரு ஆளைப் பிடிக்கப் போய் நாலு பேர் வெளியே உட்கார்ந்திருப்பார்கள்.

2017. தமிழ் தலைவாஸ் லீகுக்குள் நுழைந்த வருஷம். நர்வாலுக்கு வயசு இருபது. அந்த ஒரே சீசனில் 26 ஆட்டங்களில் 369 ரைடு புள்ளிகள். நாக் அவுட் ஆட்டம் ஒன்றில், ஹரியானா அணிக்கு எதிராக, ஒரே ஆளாக 34 புள்ளி. அதில் ஒரே மூச்சில் எட்டு! போன ஆள் திரும்பி வரும்போது எதிரணியில் ஒருத்தர்கூட மிச்சமில்லை. ஆல் அவுட்டுக்கான இரண்டு புள்ளியும் அதில் சேர்ந்தது. அந்த சீசனின் ஃபைனல் எங்கே நடந்தது தெரியுமா? நம்ம சென்னையில். அக்டோபர் 28. குஜராத்தை 55-38 என்று சாய்த்தது பாட்னா. நர்வாலுக்கு மட்டும் 19. வரிசையாக மூன்றாவது கோப்பை.

அப்புறம் என்ன? சோமனூர் வரைக்கும் பையன்கள் துப்கி அடிக்க ஆரம்பித்தார்கள். சுண்ணாம்புக் கோட்டில், மண்ணில், முழங்காலைத் தேய்த்துக்கொண்டு!

மலை உச்சிக்குப் போனவருக்கு அடுத்த வழி எது? 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. அதுவரை தங்கத்தைத் தவிர வேறு எதையும் தொடாத இந்தியா, அரையிறுதியில் ஈரானிடம் 18-27 என்று தோற்று வெண்கலத்தோடு திரும்பியது. அந்த அணியில் நர்வாலும் இருந்தார். பூமி லேசாக ஆடியது. ஆனாலும் அந்த வருஷ லீகில் 233, அடுத்த வருஷம் 302 என்று புள்ளிகள் வந்துகொண்டே இருந்தன.

2021 ஏலத்தில் உத்தரப்பிரதேச அணி அவரை ஒரு கோடியே 65 லட்சத்துக்கு எடுத்தது. லீகில் அதுவரை யாரும் பார்க்காத தொகை. சரியாக அந்தச் சீசனில்தான் இறக்கம் தெரிந்தது. 188. அதற்கடுத்து 220. அதற்கடுத்து 122. ஏன்? கேமரா வைத்து ஒவ்வொரு முங்கலையும் ஆராய்ந்துவிட்டார்கள். சங்கிலியை உயரத்தில் கோக்காமல் தாழ்வாகக் கோத்தார்கள். அவர் குனிவதற்கு முன்னாலேயே கணுக்காலை வாரினார்கள். உடம்பும் ஒத்துழைக்க வேண்டுமே? பத்து சீசனாக ஏழு பேர் மேலே விழுந்த உடம்பு அது.

2024-ல் 70 லட்சத்துக்கு, தொடங்கிய இடமான பெங்களூருவுக்கே திரும்பினார். 111 புள்ளி. அணிக்குக் கடைசி இடம்.

2025 மே 31, ஜூன் 1. மும்பையில் ஏலம். நர்வாலின் பெயரைப் படித்தார்கள். லீக் சரித்திரத்தில் அதிகபட்சமாக 1,801 ரைடு புள்ளிகள் எடுத்த மனிதர். பன்னிரண்டு அணிகளும் மேஜையில் உட்கார்ந்திருக்கின்றன.

யாரும் கை தூக்கவில்லை.

அதே ஏலத்தில் தேவாங்க் தலால் என்ற இளம் ரைடர் இரண்டு கோடியே 20 லட்சத்தைத் தாண்டினார். முந்தைய சீசனில் 301 புள்ளி எடுத்தவர். எந்த அணிக்காக? பாட்னா! நர்வால் ஒருகாலத்தில் போட்டிருந்த அதே சட்டை. சில நாட்களில் நர்வால் ஓய்வை அறிவித்தார். வயசு 28.

28 வயசில் நம்ம வீட்டுப் பையன்களுக்குப் பெண் பார்க்கவே ஆரம்பித்திருக்க மாட்டோம். அந்த வயசில் ஒருத்தர் ‘பழைய ஆள்’ ஆகிவிட்டார்.

இன்னொரு கதையும் சொல்லியாக வேண்டும். இது நம்ம அணியின் கதை. 2022 ஏலத்தில் பவன் செராவத்தை இரண்டு கோடியே 26 லட்சத்துக்குத் தமிழ் தலைவாஸ் வாங்கியது. அன்றைக்கு அதுதான் உச்ச விலை. ஊரெல்லாம் பட்டாசு. அக்டோபரில் முதல் ஆட்டம். முதல் பாதியிலேயே ஒருவரைப் பிடிக்கப் போய், முழங்கால் முறுக்கிக்கொண்டது. ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். சீசன் முழுக்க அவர் திரும்பவில்லை.

அணி கவிழ்ந்துவிட்டதா? அதுதான் இல்லை. நரேந்தர் என்ற புதுமுகப் பையன் பாடிப் போனான். 243 புள்ளி! தலைவாஸ் முதல்முறையாக அரையிறுதி வரை போனது. ரசிகனுக்குச் சந்தோஷம். ஆனால் யோசித்துப் பாருங்கள்... ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அந்த ஆட்டங்களை டி.வி.யில் பார்க்கிற ரைடருக்கு மனசு என்ன பாடுபட்டிருக்கும்? தான் இல்லாமலும் தறி ஓடுகிறது!

செராவத் அசரவில்லை. மறுவருஷம் திரும்பி வந்தார். 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில்தான் இந்தியா ஈரானிடம் இழந்த தங்கத்தை மீட்டது. ஏல விலை இரண்டு கோடியே 60 லட்சத்தைத் தாண்டியது. பத்து வருஷத்துக்குள் ராகேஷ் குமாரின் விலையைப் போல இருபது மடங்கு! ஆனால் 2025-ல் அதே செராவத்தின் விலை? 59 லட்சத்து 50 ஆயிரம்.

ஐம்பது, அறுபது லட்சம் கொஞ்சமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மணத்தியின் மண் தரையில் ஆடிய தலைமுறைக்கு இது கனவில்கூட வராத தொகை. கபடிக்காரனை நாடே பெயர் சொல்லிக் கூப்பிட வைத்தது இந்த லீக்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் டி.வி.யில் நமக்குத் தெரிகிறவர்கள் உச்சியில் இருக்கிற இருபது, முப்பது பேர். அவர்களுக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்கள், ஒரே சீசனோடு காணாமல் போனவர்கள், ஏலம் வரைக்கும் வந்து பெயர் படிக்கப்படாதவர்கள் எத்தனை பேர்? பழைய ரைடருக்குக் காசு குறைவு, வேலை நிரந்தரம். புது ரைடருக்குக் காசு அதிகம், எதுவும் நிரந்தரமில்லை. இரண்டும் சேர்ந்து ஒருத்தருக்குக் கிடைத்தால் அவர் அதிர்ஷ்டசாலி.

அமெரிக்காவில் கூலி போதவில்லை என்று கூடிப் பேசினார்கள் என்று சொன்னேன் இல்லையா? அதில் சேக்வான் பார்க்லி என்ற ஒருவர். பழைய அணி போதுமான கூலி தரவில்லை. 2024-ல் பிலடெல்ஃபியாவுக்கு மாறினார். அந்த சீசனில் 2,005 கஜம் ஓடி, கோப்பையும் வாங்கினார். கேட்டவருக்குக் கிடைத்தது. ஆனால் ஜிம் பிரவுன் காலத்திலிருந்தே அங்கே ஆட்டக்காரர்களுக்குச் சங்கம் இருக்கிறது. கூலியில் பேரம் பேசுகிறது. குறிப்பிட்ட வருஷங்கள் ஆடியவருக்கு ஓய்வூதியம் உண்டு. நம்ம கபடி ரைடர், கோட்டைத் தாண்டும்போது எவ்வளவு தனியோ, கோட்டுக்கு வெளியேயும் அவ்வளவு தனி.

அந்த ராத்திரி சோமனூருக்கு மறுபடி வருகிறேன். ஃபைனல் நடந்துகொண்டிருந்தது. பதினேழு, பதினெட்டு வயசுப் பையன் ஒருத்தன் பாடிப் போனான். மூன்று பேர் கைகோத்து மடக்கினார்கள். பையன் சடாரென்று முங்கினான். கோட்டுக்கு இந்தப் பக்கம் எழுந்தான். முழங்கால் பூரா ரத்தம். கூட்டம் கத்தியது. மைக்காரர் சொன்னார்: “நம்மூரு நர்வால்!”

“எம் பையந்தானுங்” என்றார் அண்ணன், மெதுவாக.

“சூப்பரா ஆடுறான்ணா! லீகுக்குப் போவானா?”

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு சொன்னார்: “போகட்டும் தம்பி. போனா நானும் டி.வி.ல பாப்பேன். ஆனா டிகிரிய முடிச்சுப் போட்டு, போலீசு பரீட்சையும் எழுதீட்டுத்தான் போகோணும்னு சொல்லிப்போட்டேன். ஆட்டத்துக்கு அவன் மூச்சப் புடிக்கட்டும். அது உடற அன்னைக்கு, கையில வேற ஒண்ணு இருக்கோணுமுங்.”

ஆட்டம் முடிந்தது. பையன் சுழற்கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கி நின்றான். அப்பா அதைப் பார்க்கவில்லை. தாங்கித் தாங்கி மைதானத்துக்குள் போய், மகனுக்கு முன்னால் குத்த வைக்க முடியாமல் ஒரு காலை நீட்டி உட்கார்ந்து, அவன் முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ரயில் பிடிக்கக் கிளம்பினேன். நோம்பி முடிந்திருந்தது. தெருவில் சத்தம் ஆரம்பித்துவிட்டது. சடக் சடக் சடக்.